வாரம் ஒரு ரூன்: ஆங்கிலோ-சாக்சன் எழுத்துகளிடம் என்ன கேட்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரவுச் சமையலுக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு, ஒரு துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன மரத்துண்டை எடுக்கிறேன். பையில் இருப்பவை 29 துண்டுகள். ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறிய ஒரு ரூன், அதாவது பழங்கால இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்கள் எழுதிய எழுத்து. வந்த எழுத்துக்குரிய பாட்டை ஒருமுறை வாய்விட்டு வாசித்து, நோட்டில் தேதி போட்டு, அந்த வாரத்துக்கென்று ஒரே ஒரு கேள்வி எழுதி வைக்கிறேன். அடுத்த ஞாயிறு, அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதிவிட்டுத்தான் புதுத் துண்டு. இப்படி மூன்று வருடம் ஓடிவிட்டது.

இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பலிக்குமா?" அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன, இவற்றைக் கையாண்டவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள், அவர்கள் செய்ததாக இன்று யார் யார் சொல்கிறார்கள் என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறி பார்ப்பதற்கென்று விற்கும் ரூன் கற்களோடு கடையில் கிடைக்கும் விளக்கத் தாள்களில் பழமை என்று அச்சடித்திருப்பதில் பெரும்பகுதி போன நூற்றாண்டில் எழுதப்பட்டது. உண்மையிலேயே பழையதோ வேறு மாதிரி இருக்கிறது. எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது.

ரூன் என்பது வட ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்களின் எழுத்து. பழைய வரிசையில் 24 எழுத்துகள். டென்மார்க்கின் வீமோஸ் சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு சீப்பில் உள்ள ரூன்கள் கி.பி. 160 வாக்கில் கீறப்பட்டவை. 5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்களும் சாக்சன்களும் கடல் கடந்து பிரிட்டனுக்குக் குடிவந்தபோது இந்த எழுத்தும் கூடவே வந்தது. வந்த இடத்தில் பேச்சு மாறியது. பழைய வரிசையில் 'அ' ஒலிக்கு ஒரே எழுத்துதான். இங்கிலாந்தில் அந்த ஒலி வாய்க்கு வாய் தேய்ந்து மூன்றாகப் பிரிந்தது. உடனே எழுத்தும் மூன்றானது: 'ஓஸ்', 'ஆக்', 'ஆஷ்'. ஓஸ் பழைய எழுத்தின் நான்காம் இடத்தில் உட்கார்ந்தது. ஓக் மரத்தின் பெயரைத் தாங்கிய ஆக்கும், ஆஷ் மரத்தின் பெயரைத் தாங்கிய ஆஷும் வரிசையின் கடைசிப் பகுதியில் சேர்ந்தன. இன்னும் சில எழுத்துகளும் கூடி 28, 29 என்று வளர்ந்து, வடக்கே நார்த்தம்பிரியாவில் அதற்கு மேலும் போனது. முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்து இந்த வரிசையை 'ஃபுத்தோர்க்' என்கிறார்கள்.

காலங்காலமாக மாறாத மர்மச் சின்னங்கள் என்று ரூன்களை விற்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாரோ சிலர் தங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, எழுத்து போதவில்லை என்று கண்டு, புதிதாகச் செய்துகொண்டார்கள். மாறாத எழுத்தைவிட இந்த அக்கறையே எனக்குப் பெரிய அதிசயம்.

என் துண்டுகளை நானே செய்தேன். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மாம்பலகைச் சில்லுகளை வாங்கி வந்து, பேனாக் கத்தியால் கீறினேன். முதல் துண்டிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. மரத்தின் இழை ஓடும் போக்கிலேயே கோடு கிழித்தால் கத்தி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கோடு இழைக்குள் ஒளிந்துகொள்கிறது, சில்லு தெறிக்கிறது. இழைக்குக் குறுக்கே நேராகவோ சாய்வாகவோ கீறினால் கோடு கூர்மையாக நிற்கிறது. ரூன் எழுத்துகளில் செங்குத்துக் கோடும் சாய்வுக் கோடுமே அதிகம், கிடைக்கோடு அரிது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இதுதான். இங்கிலீஷில் எழுதுவதற்கு உரிய வினைச்சொல் 'ரைட்', பழைய ஆங்கிலத்தில் கீறுதல் என்ற பொருளிலும் வழங்கியது.

அந்த எழுத்து வரிசையை முழுசாகக் காட்டும் பொருள் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1857-இல் தேம்ஸ் நதியில், பேட்டர்ஸீ பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி கண்டெடுத்த இரும்புக் கத்தி அது. ஏறத்தாழ 72 செ.மீ. நீளம், ஒரு பக்கம் மட்டும் கூர். இரும்பில் பள்ளம் வெட்டி, அதற்குள் செம்பு, வெள்ளி முதலான கம்பிகளை அடித்துப் பதித்து 28 ரூன்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் 'பேயாக்னோத்' என்று ஓர் ஆள் பெயர். செய்தவரா, வைத்திருந்தவரா தெரியாது. வரிசையின் பிற்பகுதியில் சில எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. ஓர் உலோகத் தொழிலாளி அத்தனை பொறுமையோடு கம்பி பதித்துக்கொண்டே வந்து, கடைசியில் வரிசை தவறிவிட்டார் என்று நினைக்கும்போது, ஆயிரம் வருடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மற்றப்படி ரூன்கள் கிடைக்கும் இடங்கள் அன்றாடமானவை. நாரிச் அருகே கேஸ்டரில், தகனச் சாம்பல் வைத்த ஒரு தாழிக்குள் விளையாட்டுக் காய்களோடு ஒரு மானின் கணுக்கால் எலும்பு கிடைத்தது. 5-ஆம் நூற்றாண்டுப் பொருள் அது. அதில் 'ரைஹன்' என்று இருக்கிறது. ரோ வகை மானைக் குறிக்கும் சொல் என்று பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். அதாவது மான் எலும்பில் 'மான்' என்று எழுதியிருக்கிறது. 698-இல் புனித கத்பர்ட்டின் உடலை வைத்த மரப்பெட்டியில் மத்தேயு, மாற்கு, யோவான் பெயர்கள் ரூனிலும் லூக்கா பெயர் ரோமன் எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கின்றன. திமிங்கில எலும்பில் செய்த 8-ஆம் நூற்றாண்டுப் பேழை ஒன்றின் பக்கங்களில் படமும் ரூனும் நிறைந்திருக்கின்றன. கல்லறைக் கற்களில் 'ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்றிருக்கிறது. கிறிஸ்தவம் வந்த பிறகும் இந்த எழுத்தைப் பார்த்து யாரும் பயந்து ஒதுங்கவில்லை, பாதிரிகளே எழுதினார்கள்.

மாயம் கலக்கவே இல்லையா என்றால், கலந்திருக்கிறது. வட இங்கிலாந்தின் கிங்மூரில் 1817-இல் கிடைத்த பொன் மோதிரத்தில் 30 ரூன்கள் வளைந்து ஓடுகின்றன. எந்த மொழியிலும் பொருள் தராத ஒலிக்கோவை. அதே மாதிரி ஒலிகள் இரத்தப்போக்கை நிறுத்தும் மந்திரமாகப் பழைய மருத்துவக் குறிப்பேட்டில் வருகின்றன. பீட் பாதிரியார் 731-இல் முடித்த வரலாற்றில் இம்மா என்ற இளைஞனின் கதை இருக்கிறது. 679-இல் டிரென்ட் நதியோரம் நடந்த போரில் வெட்டுப்பட்டு விழுந்து, எதிரியிடம் சிக்கியவன். கட்டி வைத்தால் கட்டுகள் தாமாகவே அவிழ்ந்து விழுகின்றன. "கட்டவிழ்க்கும் எழுத்து ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று பிடித்தவன் கேட்கிறான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் அண்ணன் பாதிரியார், நான் செத்துவிட்டேன் என்று நினைத்து எனக்காகப் பூசை செய்துகொண்டிருப்பார்" என்கிறான் இம்மா. பூசைதான் கட்டை அவிழ்த்தது என்று சொல்ல வந்த கதை இது. ஆனால் கேள்வி கேட்டவனின் மனதில் எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு என்ற நினைப்பு இருந்தது தெளிவாகத் தெரிகிறது.

ஆக, காப்பு மந்திரம் உண்டு. வருங்காலம் பார்ப்பது? அதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கி.பி. 98-இல் ஜெர்மானிய மக்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் திருவுளச்சீட்டு பார்க்கும் முறையை விவரிக்கிறார். காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டி, சில்லுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குறி இட்டு, வெள்ளைத் துணியில் பரவலாக எறிகிறார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு மூன்று சில்லுகளை எடுத்துப் பொருள் சொல்கிறார். காட்சி கண்முன் நிற்கிறது. ஆனால் அவர் 'குறிகள்' என்று மட்டுமே சொல்கிறார். அவை ரூன் எழுத்துகள்தாம் என்பதற்கு அந்த வரியில் ஆதாரம் இல்லை. அவர் எழுதியதும் ஆங்கிள்கள் பிரிட்டனுக்கு வருவதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னால். இங்கிலாந்தில் இன்னார் ரூன் எறிந்து எதிர்காலம் பார்த்தார் என்று நேரடியாகச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் சாட்சி ஒன்றுகூடக் கிடையாது. நான் செய்வது பழைய சடங்கின் தொடர்ச்சி என்று சொன்னால் அது பொய். மாம்பலகையை நான் தேர்ந்தெடுத்தது டாசிட்டஸின் 'காய்க்கும் மரம்' மனதில் இருந்ததால்தான். அந்த அளவுக்குத்தான் தொடர்பு.

ஆனால் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு வரி இருக்கிறது. இதை நான் பல தடவை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆல்ஃப்ரிக் என்ற துறவி சகுனம் பார்ப்பதைக் கண்டித்து ஒரு பிரசங்கம் எழுதினார். பறவைக் குரல், தும்மல், நாள் பார்த்துப் பயணம் போவது எல்லாவற்றையும் விளாசுகிறார். விளாசிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, உலகக் காரியங்களில், எதையாவது பங்கு பிரிக்க வேண்டி வந்தால், விசுவாசத்தோடு சீட்டு எடுக்கலாம், குச்சி தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறார். காரணமும் தருகிறார்: இது 'விக்லுங்' இல்லை, பெரும்பாலும் 'விஸ்ஸுங்'. முதலாவது குறி பார்த்தல், இரண்டாவது வழிகாட்டல். அவர் பேசியது சொத்துப் பங்கீட்டைப் பற்றி. ரூன் என்ற பேச்சே அங்கே இல்லை. இருந்தாலும், ஒரே குச்சியை எடுக்கும் இரண்டு மனநிலைகளை ஆயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டு சொற்களால் பிரித்துக் காட்டியிருக்கிறார். நாளை என்ன நடக்கும் என்று கேட்டு எடுப்பது ஒன்று. எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டு எடுப்பது இன்னொன்று.

இன்று ரூன் பார்ப்பதாக நாம் அறிந்தது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. வியன்னாவைச் சேர்ந்த கீடோ ஃபான் லிஸ்ட் 1908-இல் தனக்குத் தோன்றிய 18 எழுத்துகளை ஆதி ரூன்கள் என்று வெளியிட்டார். 1982-இல் அமெரிக்காவில் பெருவாரியாக விற்ற ஒரு கையேடு, எழுத்தே இல்லாத வெற்று ரூன் ஒன்றைச் சேர்த்துவிட்டது. எந்தப் பழம்பொருளிலும் அப்படி ஒன்று கிடையாது. எழுத்து தலைகீழாக விழுந்தால் கெட்ட பலன் என்பது குறி பார்க்கும் டாரட் சீட்டுப் பழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. பழைய எழுத்தர்கள் வலமிருந்து இடமாகவும் எழுதினார்கள், எழுத்தைத் திருப்பியும் போட்டார்கள், நன்மை தீமை பார்க்கவில்லை. பெருக்கல் குறி போன்ற எழுத்தும் ஒற்றைக் கோடான எழுத்தும் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்படியானால் கையில் மிஞ்சுவது என்ன? ஒரு பாட்டு. 29 பத்திகள், 94 அடிகள், எழுத்துக்கு ஒரு பத்தி. அகர வரிசையில் ஆத்திசூடி சொல்லி வளர்ந்த நமக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்கத் தேவையில்லை: எழுத்து, அதன் பெயர், அதை ஒட்டி மனதில் நிற்கும் ஒரு சொல்லாட்சி. அந்தப் பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. அதைத் தாங்கியிருந்த ஒரே கையெழுத்து ஏடு 1731-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், ஆஷ்பர்ன்ஹாம் இல்லத்தில் பிடித்த தீயில் எரிந்துபோனது. 26 வருடத்துக்கு முன்னால், 1705-இல், ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற அறிஞர் தம் பெருநூலில் அதை அச்சடித்து வைத்திருந்தார். இன்று உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு பிரதியும் அந்த அச்சுப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

கடை விளக்கத் தாள்கள் நார்வே, ஐஸ்லாந்து நாட்டு ரூன் பாடல்களையும் இதையும் கலந்துகட்டி ஒரே பொருளாகத் தருகின்றன. மூன்றாவது எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட ஐரோப்பியப் பாடல்களில் அது அரக்கன். ஆங்கிலோ-சாக்சன் பாட்டில் அது 'தோர்ன்', வெறும் முள்: தொட்டால் குத்தும், நடுவில் படுத்தவனை வதைக்கும். ஆங்கிலோ-சாக்சன் வரிசையைக் கையில் எடுத்தால் ஆங்கிலோ-சாக்சன் பாட்டையே படிக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

அந்தப் பாட்டின் அழகு, பல பத்திகள் நடுவில் திரும்புவதில் இருக்கிறது. முதல் எழுத்து 'ஃபியோ', செல்வம். செல்வம் எல்லோருக்கும் ஆறுதல் என்று தொடங்கி, ஆனாலும் இறைவன் முன்னால் நல்ல பேர் வேண்டுமானால் ஒவ்வொருவரும் அதைத் தாராளமாகப் பகிர்ந்தாக வேண்டும் என்று முடிகிறது. 'ஈஸ்', பனிக்கட்டி: அளவு மீறிய குளிர், கால் வழுக்கும், ஆனால் கண்ணாடி போல, மணிகள் போல மின்னும், உறைபனி செய்த தரை, பார்க்க அழகு. கடைத் தாளில் இந்த எழுத்துக்கு 'தேக்கம், தடை' என்று இரண்டே சொல். பாட்டைப் படித்தவருக்கோ அந்த வாரம் வழுக்கும் இடம் எது, நின்று பார்க்க வேண்டிய அழகு எது என்று இரண்டு திசை திறக்கிறது. 'ஆக்', ஓக் மரம்: அதன் கொட்டை மனிதர் உண்ணும் பன்றிக்குத் தீனி, அதே மரம் கப்பலாகிக் கடலில் போகும், தன் உறுதி உண்மைதானா என்று கடல் அதைச் சோதித்துப் பார்க்கும். பன்றித் தீனியும் கப்பலும் ஒரே மரத்தில்.

'பியோர்த்' என்று ஓர் எழுத்து. அதன் பொருள் யாருக்கும் தெரியாது. வீரர்கள் மதுக்கூடத்தில் மகிழ்ச்சியாகக் கூடியிருக்கும் இடத்தில் அது விளையாட்டும் சிரிப்பும் என்கிறது பாட்டு. நடுவில் ஒரு சொல்லும் விடுபட்டிருக்கிறது. சதுரங்கக் காய், பகடைக் குவளை, இசைக்கருவி என்று பல ஊகங்கள். பிறகு வந்தவர்கள் அந்த ஓட்டையில் 'விதியின் இரகசியம்' என்று எதையோ அடைத்துவிட்டார்கள். எனக்கு அந்த எழுத்து வரும் வாரத்தில் கேள்வி எளிது: கடைசியாக யாரோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்?

'ரீட்' என்ற இங்கிலீஷ் சொல்லின் வேரை இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மன், டேனிஷ் போன்ற உறவு மொழிகளில் வாசிப்பதைக் குறிக்கும் சொல் 'பொறுக்கிச் சேர்த்தல்' என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலம் மட்டும் 'ராடன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஆலோசனை சொல்லுதல், புதிரை அவிழ்த்தல் என்று பொருள். 'ரூன்' என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் இரகசியம், தாழ்ந்த குரலில் கலந்து பேசுதல் என்ற பொருள்கள் உண்டு. எழுத்தைப் பார்த்து வாசிப்பதும், உட்கார்ந்து யோசித்து ஆலோசிப்பதும் அந்த மொழியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இனி நடைமுறை. இரண்டு வருடம் முன்பு 'நீட்' வந்தது. தேவை, நெருக்கடி என்று பொருள். பாட்டு: தேவை நெஞ்சை இறுக்கும், ஆனாலும் நேரத்தோடு அதற்குக் காது கொடுத்தால், பல சமயம் மனிதருக்கு அதுவே உதவியாகும், மீட்பாகும். நோட்டில் நான் எழுதிய கேள்வி: 'எதற்குக் காது கொடுக்காமல் இருக்கிறேன்?' எழுதி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இரண்டு மாதமாக அம்மா மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார். "முழங்கால்தான், வேற ஒண்ணுமில்ல" என்பார். நானும் "சரிம்மா" என்று நகர்ந்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூட்டுத் தேய்மானம், உடற்பயிற்சி, கொஞ்சம் மாத்திரை. பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ரூன் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை; எனக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. தெரிந்ததைத் தள்ளிப்போட விடாமல் ஒரு நிமிஷம் உட்கார வைத்தது, அவ்வளவே.

இன்னொரு வாரம் 'ராட்', சவாரி. கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வீரனுக்குச் சவாரி சுலபம்; மைல் மைலாக நீளும் பாதையில் உரமான குதிரை மேல் இருப்பவனுக்கு மகா கடுமை. அந்தச் சமயம் தம்பி வேலை தேடிக்கொண்டிருந்தான். தினமும் போனில், "அங்க அனுப்பினியா? இங்க கேட்டியா?" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாட்டைப் படித்ததும் சுருக்கென்றது. கூடத்தில் உட்கார்ந்திருப்பது நான். அந்த வாரம் யோசனை எதுவும் சொல்லாமல், "இன்னிக்கு எங்கெல்லாம் போன, என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, மூணு இடத்துல வெளியிலயே உட்கார வெச்சு அனுப்பிட்டாங்க" என்று ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் பேசினான்.

இந்த இடத்தில் கணக்கையும் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மனம் ஏமாற்றும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் 'உங்கள் குணம்' என்று ஒரு தாள் தந்தார். 5-க்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-ஐத் தாண்டியது. எல்லோருக்கும் தந்தது ஒரே தாள். பொதுவான வாக்கியம் எதுவும் நமக்காகவே எழுதியது போல ஒட்டிக்கொள்ளும். 'நீட்' எழுத்தைப் பார்த்து எனக்கு அம்மாவின் முழங்கால் தெரிந்தது. வேறு எழுத்து வந்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். இதை மறந்தால் அந்த நிமிஷமே குறி பார்ப்பதாகிவிடும்.

அடுத்து, திரும்பத் திரும்ப வருவது. பையில் 29 துண்டு, எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்குகிறோம், வருடத்துக்கு 52 வாரம். அடுத்தடுத்த இரண்டு வாரம் ஒரே எழுத்து வந்தால் உடம்பு சிலிர்க்கும். ஏதோ வற்புறுத்திச் சொல்கிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால், ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது அப்படி வர நூற்றுக்கு 83 வாய்ப்பு உண்டு. வராமலிருந்தால்தான் அபூர்வம். அதே போல, வருடம் முழுவதும் எடுத்தாலும் சராசரியாக நான்கைந்து எழுத்து எட்டியே பார்க்காது. 'எனக்கு மகிழ்ச்சி எழுத்தே வருவதில்லை' என்று ஒரு தோழி வருத்தப்பட்டபோது இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். முகம் தெளிந்தது.

எழுதுவது பலன் தருமா என்பதற்கு வேறொரு திசையில் ஆதாரம் உண்டு. 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பாதித்த அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் சுகாதார மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் ஒரே அளவில் இல்லை, சிறியது என்றும் சொல்கிறார்கள். நோட்டும் பேனாவும் சும்மா இல்லை என்ற அளவுக்கு எனக்கு அது போதும். அதனால்தான் எழுத்தை எடுத்ததும் பலன் எழுதாதீர்கள், கேள்வி எழுதுங்கள் என்று புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்கிறேன். பலன் எழுதினால் வாரம் முழுவதும் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருப்போம். கேள்வியை வாரக் கடைசியில் மூடியாக வேண்டியிருக்கும். பதில் 'தெரியவில்லை' என்றாலும் எழுதுங்கள். கல்யாணம், அறுவை சிகிச்சை, வீடு வாங்குவது போன்ற முடிவை ஒரு மரத்துண்டின் மேல் ஏற்றாதீர்கள். அதைத் தாங்கும் பொருள் அதில் இல்லை.

கடைசி எழுத்து 'ஏயர்', மண், கல்லறை. பாட்டிலேயே கடுமையான பத்தி: சதை குளிரத் தொடங்கும், வெளிறிய உடல் மண்ணைத் துணையாகத் தேர்ந்துகொள்ளும்; கனிகள் உதிரும், இன்பங்கள் போகும், உடன்படிக்கைகள் முறியும். முதல் தடவை அது வந்தபோது பயந்துவிட்டேன், பொய் சொல்வானேன். துண்டைத் திரும்பப் பைக்குள் போட்டு வேறு எடுக்கலாமா என்று கை போனது. நிறுத்திக்கொண்டு கடைசி அடியைத் திரும்பப் படித்தேன். 'எந்த உடன்படிக்கை ஏற்கனவே முடிந்துபோயும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?' என்று எழுதினேன். பதில் எழுத மூன்று வாரம் ஆனது. அதுவரை புதுத் துண்டு எடுக்கவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. லிஸ்டின் கற்பனை ரூன்களிலிருந்து நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள்; எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் சின்னம் அந்த வழியில் வந்தது. ஜெர்மனியில் இன்று அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். வீடு, பரம்பரை நிலம் என்ற பொருள் கொண்ட எழுத்தை, ஆங்கிலோ-சாக்சன் வரிசையில் 'ஏதெல்', இனவெறிக் கும்பல்கள் இன்றும் கொடியில் போடுகின்றன. அந்தப் பத்தி சொல்வது இவ்வளவுதான்: சொந்த வீட்டில் நியாயமானதை, தகுதியானதை அனுபவிக்க முடிந்தால் வீடு எவருக்கும் அருமை. 'எவருக்கும்' என்ற சொல்லை அந்தக் கும்பல்களால் பாட்டிலிருந்து அழிக்க முடியாது. ஆனாலும் அந்த எழுத்தைக் கழுத்தில் தொங்கவிடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள். எதிரில் வருபவருக்கு உங்கள் மனம் தெரியாது.

போன ஞாயிறு 'ஹேகல்' வந்தது, ஆலங்கட்டி. தானியங்களிலேயே வெண்மையானது அது; வானத்து உயரத்திலிருந்து சுழன்று வரும்; காற்று அதை அலைக்கழிக்கும்; அப்புறம் தண்ணீராகும். விளைச்சலை அழிக்கும் ஒன்றைத் தானியம் என்று அழைத்த அந்தப் பெயர் தெரியாத கவிஞரை நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் எழுதியிருப்பது: 'போன வருடம் தலையில் விழுந்ததில், இப்போது தண்ணீராகி நின்றிருப்பது எது?' கீழே நான்கு கோடு காலியாக விட்டிருக்கிறேன்.